செல்வினின் குரலுக்காக ஒரு ஸ்பீக்கர்

போன சனிக்கிழமை என் மகள் ஹனா இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தாள். வேலைக்குச் சேர்ந்து, நாங்கள் இருக்கும் இதே ஆலன் ஊரில் தனியாக அபார்ட்மென்ட் எடுத்திருக்கிறாள். இசைத்தட்டு சுழலும் பிளேயர் ஒன்றை ஏற்கெனவே வாங்கியாயிற்று. இப்போது ஸ்பீக்கர். "ம்மா, ஐ காட் த ஸ்பீக்கர்ஸ் பிஃபோர் த ஆம்ப்ளிஃபையர். இஸ் தட் ராங்?" என்றாள். எதை முதலில் வாங்குவது என்று என்னைப் போய்க் கேட்கிறாளே என்று சிரிப்பு வந்தது. நான் பதில் சொல்வதற்குள் பெட்டியைத் திறந்து, தெர்மாகோலை எடுத்து வீசி, ஸ்பீக்கரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைச் சர்ரென்று கிழித்துவிட்டாள். கூடம் முழுக்கப் புதுச்சாமான் வாசனை.

கிழிந்த உறையைப் பொறுக்கி நீவி மடித்தேன். நீங்களே சொல்லுங்கள், புதுச் சாமானின் உறையை வாங்கிய அன்றைக்கேவா கிழிப்பார்கள்?

நாகூரில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் இருந்த பிளாஸ்டிக்கை, அது தானாக மஞ்சள் பாரித்து உதிரும்வரை உம்மா யாரையும் தொடவிடவில்லை. வாப்பா வாங்கிய காரின் சீட்டிலும் அப்படித்தான். வெயிலில் தொடை ஒட்டிக்கொண்டு, இறங்கும்போது தோலும் கூட வந்துவிடுமோ என்றிருக்கும். அப்படி வளர்ந்தவள் அந்தக் காலத்தில் அமெரிக்காவின் எடிசனுக்கு வேலைக்கு வந்தால் எப்படி இருப்பேன்? ஓக் ட்ரீ ரோட்டுக்குப் பின்னால் நானும் ஜெசியும் ஒரு வீடு எடுத்திருந்தோம். டிவி ரிமோட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்ட உறை. ஜெசியின் மெத்தைக்கும் கடைக்காரன் போட்டுக் கொடுத்த அதே உறை. அவள் புரண்டு படுத்தால் பக்கத்து அறையில் யாரோ சிப்ஸ் பாக்கெட் பிரிக்கிற மாதிரி கேட்கும்.

ஜெசி பாளையங்கோட்டைக்காரி. என்னோடு ஒரே ப்ராஜெக்ட். சர்ச் பாடகர் குழுவான கொயரில் ஆல்ட்டோ என்னும் பெண்களின் இரண்டாம் குரல் பாடி வளர்ந்தவள், வீட்டிலும் எல்லோரும் பாடுகிறவர்கள். அமெரிக்காவுக்குக் கிளம்புகிற அவசரத்தில் அவளுக்கு நிச்சயம் செய்துவிட்டார்கள். மாப்பிள்ளை செல்வினை அவள் பார்த்தது ஒரே ஒரு சாயங்காலம். சுற்றிலும் உறவுக்கூட்டம். அவர் அவளிடம் பேசியது ஒரே ஒரு வார்த்தை: "சாப்பிட்டீங்களா?" அதையும் யாரோ வெடித்துச் சிரித்ததில் அவள் சரியாகக் கேட்கவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் காலிங் கார்டுதான். நம்பரைச் சுரண்டி, நீளமாக எண்களை அழுத்தி, ஒருவழியாக லைன் கிடைத்தால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு குரல் வரும். "ஏட்டி, யாரோ ஸ்கூல் பையன் பேசுத மாதிரி இருக்குட்டி," என்பாள். ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணத் தேதி வைக்கலாமா என்று அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பார். இவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் "சொல்லுதேன்" என்பாள்.

"குரல்ல என்னடி இருக்கு? மனுஷன் நல்லவரா இருந்தா போதாதா?" என்று கேட்டேன்.

"உனக்குப் போதும். எனக்குக் காது இருக்கே! பிடிக்காத குரலை ஆயுசு பூரா எப்படிட்டி கேப்பேன்?"

ஒரு நாள் செல்வினின் தங்கை ஒரு கேசட் அனுப்பியிருந்தாள். அவர்கள் சர்ச் கொயரின் கிறிஸ்துமஸ் பாடல்கள். 'அண்ணன் பேஸ் பாடுறாங்க' என்று மேலே எழுதி ஒட்டியிருந்தாள். பேஸ் என்றால் கொயரில் ஆண்கள் பாடும் கீழ்க்குரல். ஜெசியின் முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள்! ஆனால் அவளிடம் இருந்த கையடக்க டேப்பில் மேல்குரல் பெண்கள்தான் கத்தினார்கள். கீழே ஆண்கள் இருக்கிறார்களா, டீ குடிக்கப் போய்விட்டார்களா என்றே தெரியவில்லை. அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் தேதி என்று முடிவு செய்துவிட்டாள்.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு ஸ்டீரியோ வந்தது. எதை முதலில் வாங்குவது? ஜெசி, கேசட்டை ஓட்டும் டேப் டெக் என்றாள். குரல் இருப்பது கேசட்டில். அங்கிருந்து எடுக்காமல் விட்டது அப்புறம் எங்கே போனாலும் திரும்பி வராது என்பது அவள் கட்சி. நான் ஸ்பீக்கர் கட்சி. காதுக்கு வந்து சேர்வது அதிலிருந்துதானே, ஒன்றுக்கொன்று வித்தியாசம் அதிகமாகக் கேட்பதும் அதில்தான். மாடியில் இருந்த முரளி, எங்கள் ஆபீஸ் ஆள், ஆம்ப்ளிஃபையர் கட்சி. "பவர் இல்லன்னா எவ்ளோ பெரிய ஸ்பீக்கரும் வேஸ்ட். முதல்ல நல்ல ஆம்ப்ளிஃபையர்ல இன்வெஸ்ட் பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம் அப்கிரேட் பண்ணிக்கலாம்." சும்மா சொல்லக்கூடாது, மூன்று பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் சண்டை ஓயவே இல்லை.

கடைசியில் நான் ஜெயித்தேன். இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டு புதிதாக வந்தன. டெக்கும் ஆம்ப்ளிஃபையரும் யாரோ வீட்டு வாசலில் பழசு விற்ற கராஜ் சேலில் கிடைத்தவை. கேசட்டைப் போட்டோம். கீழ்க்குரல் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல், கூடவே 'ஸர்ர்ர்' என்று ஒரு அதிர்வு. வார்த்தையும் இல்லை, ஆளும் இல்லை. போர்வைக்குள் படுத்துக்கொண்டு பாடுகிறார்கள் போலிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்று முரளி தன் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கி வந்து மாட்டினான். அதே ஸர்ர்ர். டெக்கின் தலையைப் பஞ்சால் துடைத்தோம். அதே ஸர்ர்ர். ஒயரை மாற்றினோம். அறையில் எதிரொலி என்று சுவர்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, மூலைக்கு ஒன்றாக சோனா மசூரி அரிசி மூட்டைகளை நிறுத்தினோம். பார்க்க ரேஷன் கடை மாதிரி ஆகிவிட்டது வீடு. ஜெசி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "கேக்கவே முடியாது போலட்டி. அவங்ககிட்ட என்னத்தைச் சொல்ல?"

மறுநாள் காலை அவள் அடுப்பில் வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தாள். வறுவல் புகை படிந்து ஸ்பீக்கர்கள் பிசுபிசுத்திருந்தன. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நான் ஈரத்துணியால் துடைத்தேன். உள்ளங்கையை அழுத்தினால் ஸர்ர்ர் நிற்கிறது. எடுத்தால் வருகிறது. அழுத்தினேன், எடுத்தேன். அப்புறம்தான் நான் எதைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்று குனிந்து பார்த்தேன். உறை! கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை, டேப் ஒட்டியது ஒட்டியபடி. பின்னால் ஒயருக்கு மட்டும் அழகாக ஒரு ஓட்டை வெட்டியிருந்தோம். தூசி படாது, மசாலாப் புகை ஏறாது என்று மூன்று இன்ஜினியர்கள் சேர்ந்து எடுத்த முடிவு அது.

"கிழிச்சா ரிட்டர்ன் பண்ண முடியாதே," என்று இழுத்தான், சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த முரளி. அப்போதும் எங்களுக்கு மனசு வரவில்லை, நம்புவீர்களா? ஜெசிதான் மீன் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து இரண்டையும் உரித்தெறிந்தாள்.

அடேயப்பா! ஆண்கள் வரிசையாக அறைக்குள் வந்து நின்றார்கள். மூச்சு இழுப்பது கேட்டது, யாரோ தாளைத் திருப்புவது கேட்டது. கீழ்க்குரலில் நாலைந்து பேர். அதில் செல்வின் யார்? ஜெசி ஸ்பீக்கர் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டாள். மீன் கருகியது, யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு குரல் மட்டும் ஒவ்வொரு அடிக்கும் மற்றவர்களுக்கு ஒரு நூலளவு முன்னால் நுழைந்தது. ஆழமான, வழுவழுப்பான குரல். "இதுதான்ட்டி! போன்லயும் நான் ஹலோ சொல்லுததுக்குள்ள அவங்க சொல்லிருவாங்க. அவசரக்காரங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே தேதி வைக்கச் சொல்லிவிட்டாள்.

ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து வந்தவளிடம் குரல் எப்படி என்று கேட்டேன். "பேசினா போன்ல வந்த மாதிரியேதான் இருக்கு. பாடும்போதுதான் இறங்கும் போல," என்றாள். அவளும் நம்பினாள், நானும் நம்பினேன்.

சில மாதம் கழித்து விசா கிடைத்து செல்வினும் எடிசன் வந்து சேர்ந்தார். வந்த வாரமே பெருமையாகக் கேசட்டைப் போட்டாள் ஜெசி. அவர் ரசித்துக் கேட்டார். பிறகு அந்தத் தகரக் குரலில், "முந்திக்கிட்டு வாரான் பாருங்க, அது ஆசிர். எப்பவும் அப்படித்தான்," என்றார்.

"அப்போ நீங்க?"

"நான் பாடலையே. பேஸ்ல ஆள் கம்மின்னு கொயர் மாஸ்டர் என்னைச் சும்மா நிக்க வெச்சாங்க. வாயை மட்டும் அசைச்சேன். தாளைத் திருப்புத சத்தம் கேக்குதுல்லா? அது நான்."

ஜெசி என்னைப் பார்த்தாள். "அப்போ நான் யாரைட்டி கட்டினேன்?" என்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அவர் ஒன்றும் புரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தார். இத்தனை யோசித்து வாங்கிய சாமான்களில் எதுவும் சொல்லாத உண்மையை அந்தக் காலிங் கார்டுதான் முதல் நாளே சொல்லியிருக்கிறது.

கதையைக் கேட்டு முடித்த ஹனா, "டஸ் ஷீ ஸ்டில் ஹாவ் த டேப்?" என்றாள். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. எடிசன் வீட்டைக் காலி செய்தபோது ஸ்பீக்கர்களைத் தெருவோரம் வைத்துவிட்டு வந்தோம். முரளி எந்த ஊரில் இருக்கிறான் என்றுகூட இப்போது தெரியாது. ஜெசியும் செல்வினும் சான் ரமோனில் இருக்கிறார்கள். அங்கேயே போன் போட்டு, ஹனாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"போன கிறிஸ்துமஸுக்குப் போட்டுப் பாத்தோம்ட்டி. டெக் டேப்பை மென்னு துப்பிட்டு. இவங்க பென்சிலை விட்டுச் சுத்திச் சுத்திப் பாத்தாங்க, ஒண்ணும் தேறல," என்றாள் ஜெசி. பின்னாலிருந்து ஒரு தகரக் குரல் குறுக்கே புகுந்தது: "யாரு போன்ல? சாப்பிட்டாங்களான்னு கேளு!"

"இஸ் தட் ஹிம்?" என்று ஹனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெசிக்கு அது கேட்டுவிட்டது. "ஆமா மக்ளே, அவங்கதான். அதுல பாடின அத்தனை பேரும் டேப்போடயே போயிட்டாங்க. பாடாதவர் ஒருத்தர்தான் மிச்சம்."