கரையில் நின்ற தலைவர்

எங்கள் குப்பத்துத் தலைவர் என் கணவரின் கூடப்பிறந்த அண்ணன். கோட்டையில் இருக்கும் ஒல்லாந்தர்களிடம் ஊருக்காகப் பேசுகிறவர் அவர்தான். அவர் சிரித்துக்கொண்டே கோட்டையிலிருந்து திரும்பினால், ஊர் தலையில் ஏதோ வேலையைக் கட்டிவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஒல்லாந்தர் கப்பல்கள் பழவேற்காட்டுக் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். துணிப் பொதிகளை எங்கள் ஆண்கள்தான் சலங்கில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. ஐப்பசியில் வாடைக்காற்று பிடித்துவிட்டால் அதை யாரும் கடலில் இறக்க மாட்டார்கள். அந்த ஐப்பசியில் பழவேற்காட்டு ஏரிக்குள்ளேயே வலை போட முடியவில்லை. அப்போதுதான் ஒரு கப்பல் சரக்குக்காகக் காத்து நின்றது.

தலைவர் கோட்டைக்குப் போய், "எங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் ஒரு கடலா" என்று சொல்லிவிட்டு வந்தார். தோளில் புதுச் சிவப்புச் சால்வை கிடந்தது.

"நீதாண்டா முன்துடுப்பு," என்றார் என் கணவரிடம். "நான் கரையில நின்னு அலையப் பாத்து சொல்றேன்."

"நீயும் படகுல வாண்ணா."

"நானும் வந்துட்டா கோட்டைக்கு யாரு பதில் சொல்றது?"

இவர் துடுப்பை எடுத்துக்கொண்டார். ஊரில் எல்லோரிடமும் மல்லுக்கு நிற்கிற மனுஷன், அண்ணன் முன்னால் மட்டும் ஊமை.

தலைவர் கையைத் தூக்கி, "இப்போ தள்ளு" என்றார். தள்ளினார்கள். அடுத்து வந்த பெரிய அலை சலங்கைக் குறுக்காகத் திருப்பிக் கவிழ்த்தது. எல்லோரும் நீந்திக் கரை சேர்ந்தார்கள். இவர் மட்டும் படகுக்கும் மணலுக்கும் நடுவில் சிக்கித் தோள் எலும்பை உடைத்துக்கொண்டார்.

மறுநாள் பார்க்க வந்த தலைவர் இவருடைய தோளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கரையில நிக்கறது இன்னா பாடு தெரியுமா? எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிச்சி," என்றார். ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

காற்று இறங்கவில்லை. அவரோ கோட்டைக்குப் போய் மறுபடியும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். இந்த முறை நானும் கடற்கரைக்குப் போனேன். ஒல்லாந்தர் பேச்சை எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி கோட்டையிலிருந்து வந்து குடை பிடித்து நின்றான். பொதிகளை ஏற்றியாயிற்று. ஆனால் படகில் யாரும் கை வைக்கவில்லை.

"மாமா, நீங்க ஏறுங்க," என்றேன் தலைவரிடம். "அவரு எடம் காலியாத்தான் கீது."

"எனக்கு இடுப்பு புடிச்சிக்கினு கீதும்மா."

"சும்மா உக்காந்துக்கினா போதும், துடுப்பு நாங்க போட்றோம்," என்றார் படகுக்காரர்களில் ஒருவர். மற்றப் பெண்களும் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். துபாஷி தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் ஏறினார்.

முதல் அலை படகைத் தூக்கிப் போட்டது. சால்வை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது அலை வருவதற்குள், "திருப்பு, திருப்பு, கடல் சரியில்ல," என்று அவர் கத்தியது கரைவரை கேட்டது. திருப்பினார்கள். இறங்கியதும் நேராகத் துபாஷியிடம் போய், தை பிறக்கும்வரை ஒரு படகும் போகாது என்று சொன்னார். நாங்கள் இத்தனை நாளாகச் சொன்னதைத்தான் சொன்னார். கோட்டையும் ஒத்துக்கொண்டது.

அதோடு விட்டிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அன்று சாயங்காலமே குப்பத்தில் உட்கார்ந்து, "நான் ஏறிப் பாக்கலன்னா எத்தினி உசுரு போயிருக்கும்" என்று ஆரம்பித்துவிட்டார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்த என் கணவரும் ஆட்டினார்.

"நீயுமா?" என்றேன் வீட்டுக்கு வந்து.

"அண்ணன் சொல்றதும் நாயம்தானே," என்றார்.

அந்தக் கை அதற்குப் பிறகு தோளுக்கு மேல் எழும்பவேயில்லை. கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறார். தம்பிக்கு வெயில் படாத வேலை பார்த்துக் கொடுத்ததாகத் தலைவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.