பெரட்டுக்கு வந்த நாற்பது பேர்

கதை விடுகிறாள் என்று சொல்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். எனக்கு ஒரு நட்டமும் இல்லை. இது போன வருடம் ஆகஸ்ட் பதினான்காம் திகதி, வியாழக்கிழமை, விடியற்காலை 5.31க்கும் 6.04க்கும் இடையில் நடந்தது. எனக்குக் காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை. கையில் கடிகாரம் இருந்தது. எண்ணுவதுதான் என் வேலை.

என் பெயர் யசோதினி. ஹந்தானை மலையில், கீழ் டிவிஷன் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தவள். கண்டி டவுனில் ஒரு சர்வே கம்பெனியில் வேலை. எங்கள் லயத்துக்கு மேலே ஒரு மைல் ஏறினால், வெள்ளைக்காரன் கட்டிய சின்ன ஊர் ஒன்று வரும். கருங்கல் சேர்ச், கிளப், குதிரை லாயம், தபால் கந்தோர், புகைபோக்கி வைத்த ஏழு வீடுகள். தங்கள் ஊரை அப்படியே இங்கே கட்டிப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார்கள். துரைமார் போனதிலிருந்து பூட்டிக் கிடந்ததை இப்போது ஒரு ஹோட்டல் கம்பெனி வாங்கியிருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கி, இங்கிலாந்துக் கிராமத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு டீ குடிப்பார்களாம். குடிக்கட்டும். கொழுந்து பறிக்கிறது நாங்கள்தானே.

அந்த ஊரை அளக்கிற வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. எனக்கு மூன்று வேலை கொடுத்தார்கள். கட்டடங்களைக் குறிக்க வேண்டும். எந்தக் காணி எதற்குப் பயன்படுகிறது என்று எழுத வேண்டும். கடைசியாக, ரோட்டில் நடப்பவர்களை எண்ண வேண்டும். அந்தக் கடைசி வேலையில்தான் எங்கள் பிழைப்பே இருந்தது. அந்த ஊருக்கு நடுவால் போகிற ரோடுதான் லயத்து ஆட்கள் பஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற வழி. மூன்று நாளில் நானூற்றைம்பது பேருக்குக் குறைவாக நடந்தால் கேட் போட்டு மூடிவிடலாம் என்று ஹோட்டல்காரர்கள் பேசி வைத்திருந்தார்கள். மூடினால் ஐந்து மைல் சுற்ற வேண்டும். என் அண்ணி டொரதிக்கு அப்போது எட்டு மாதம்.

என் மேலதிகாரி ரொஹான் கெட்டவர் இல்லை. ஹோட்டல்காரர்களைக் கண்டால் கொஞ்சம் வளைவார், அவ்வளவுதான்.

"கொஞ்சம் குறைச்சுப் போட்டா அவங்க சந்தோஷப்படுவாங்க, யசோ."

"கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் சேர். நடந்தவங்கள எழுதுவேன்."

"உங்க வாய் இருக்கே..."

"வாய் இல்லாட்டி லயத்துல பொழைக்க ஏலாது சேர்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, கணக்குத் தேறுமா என்று பயம்தான். முதல் இரண்டு நாளும் மழை. தெரிந்த ஆட்டோக்காரர் ஃபாஸில் நானாவின் த்ரீவீலுக்குள் உட்கார்ந்துதான் எண்ணினேன். இரண்டு நாளும் சேர்த்து 269 பேர். மூன்றாம் நாள் மட்டும் 181 பேர் நடந்தாக வேண்டும். எங்கே போவது அத்தனை பேருக்கு?

மூன்றாம் நாள் மழை விட்டிருந்தது. 5.20க்கு ஃபாஸில் நானா என்னை சேர்ச் வாசலில் இறக்கினார். இன்னும் இருட்டு. பனிமூட்டம் வேறு.

"தங்கச்சி, நான் நிக்கவா?"

"வேணாம் நானா. ஸ்கூல் ஹயர் இருக்குன்னீங்களே, போங்க."

சேர்ச்சுக்கு எதிரே பழைய பெரட்டுக் களம். அந்தக் காலத்தில் விடியுமுன் தப்புப் பறை அடித்து எல்லாரையும் எழுப்பி அங்கேதான் வரிசையில் நிறுத்துவார்கள். துரை கல் மேடையில் நிற்பார். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார். அந்த மேடையில் எங்கள் ஆட்கள் யாரும் ஏறமாட்டார்கள். சின்ன வயதில் நான் ஏறப்போய் அடி வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு இருந்த எரிச்சலில், துரை நின்ற இடத்தில் நான் நின்றால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது. கணக்கு எழுதும் அட்டையும் பேனையுமாய் ஏறி நின்றேன்.

5.31. தப்புச் சத்தம்.

டொம்... டொம்... டொம்...

லயத்தில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறி அண்ணன் சதீஸுக்குப் போன் அடித்தேன்.

"தப்பா? இங்க ஒரு சத்தமும் இல்லடி. தூங்க விடு."

வைத்துவிட்டான். தப்பு நிற்கவில்லை. கீழே இருந்து, ரோட்டோடு ஏறி வந்துகொண்டிருந்தது.

5.38. கால் சத்தம். வெறுங்கால்கள். அது தார் ரோடு. ஆனால் எனக்குக் கேட்டது, சேற்றில் புதைந்த காலைப் பிடுங்கி எடுக்கிற சத்தம்.

சளக்... சளக்...

பனிக்குள் இருந்து முதலில் ஒரு பெண் வந்தாள். தலையில், மழைக்குப் போடுகிற கம்பளி. இந்தக் காலத்தில் யார் கம்பளி போடுகிறார்கள்? எல்லாரும் ரப்பர் சீட்டுத்தானே. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். அப்புறம் மண் குத்துகிற அலவாங்கோடு ஆண்கள். கல் கூடையோடு பெண்கள். கை பழக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே போனது.

"எங்க போறீங்க இவ்வளவு வெள்ளன?"

கேட்டுக்கொண்டே அடுத்த கோட்டைப் போட்டேன்.

அவர்கள் என்னைத் தாண்டிப் போகவில்லை. மேடைக்கு முன்னால் வந்து வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் குனிந்த தலை.

5.47. எண்ணி முடித்தேன். நாற்பது பேர்.

கம்பளிகளில் இருந்து சேறு சொட்டியது. மழையே இல்லை. புதிதாக வெட்டிய மண்ணின் வாடை மூக்கில் ஏறியது.

அப்போதுதான் புரிந்தது. அட்டையோடு மேடையில் நிற்கிறேன். இவர்கள் பெரட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

பொய் சொல்லமாட்டேன், அழுகை வந்தது. அதோடு சேர்ந்து கோபமும் வந்தது.

"செத்தும் வரிசையில நிக்கணுமா நீங்க? போங்க! வீட்டுக்குப் போங்க!"

ஒருவரும் அசையவில்லை.

முதலில் வந்த பெண் கேட்டாள்.

"காத்தாயி வரலியா?"

நாற்பது தலையும் நிமிர்ந்தன.

முகமெல்லாம் மண். கண் இருக்க வேண்டிய இடத்திலும் மண்.

"காத்தாயி வரலியா?"

இந்தத் தடவை எல்லாரும் கேட்டார்கள்.

ஒரு அடி முன்னால்.

சளக்...

இன்னொரு அடி.

சளக்...

ஒரு கை மேடையைப் பிடித்தது.

"வரமாட்டா!"

கத்தினேன்.

"காத்தாயி வரமாட்டா! போங்க!"

தப்பு நின்றது.

6.04. சேர்ச் கூரை தெரிய ஆரம்பித்தது. ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. தார் காய்ந்து கிடந்தது. நான் மேடையில் குந்தியிருந்தேன். அட்டையில் நாற்பது கோடுகள்.

எழுந்து ஓடியிருக்கலாம். ஓடினால் மூன்றாம் நாள் கணக்கு இல்லை, ரோடும் இல்லை. மேடையை விட்டு இறங்கி, ரோட்டோரத்தில் நின்று மாலை வரை எண்ணினேன். அன்று உயிருள்ளவர்கள் 143 பேர் நடந்தார்கள். மூன்று நாளும் சேர்த்தால் 412. முப்பத்தெட்டு பேர் குறைவு.

நாற்பது கோடுகளைப் பார்த்தேன். அழிக்கவில்லை. இந்த மலையில் அவர்களும் நடந்தவர்கள்தானே.

ரொஹான் கணக்கெழுதிய போர்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அஞ்சரைக்குப் பிறகு ஒரே அடியா நாப்பது பேரா? உண்மையா யசோ?"

"நடந்தவங்கள எண்ணச் சொன்னீங்க, எண்ணினேன். உயிரோட இருக்காங்களான்னு கேக்க உங்க போர்ம்ல கட்டம் இல்லையே சேர்."

கோபத்தில் உளறுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். கையெழுத்துப் போட்டார்.

ரோடு மூடப்படாது என்று கடிதம் வந்த அன்று லயமே கூடிவிட்டது. டொரதி அண்ணி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அப்பா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரவு சாப்பிடும்போது, அதுவரை யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். மேடையில் ஏறியதை, நாற்பது பேரை, அவர்கள் கேட்ட பெயரை.

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அந்த ரோட்ட மூடிறட்டும்னு நான் முருகனுக்கு நேர்ந்து வச்சிருந்தேன், தெரியுமா ஒனக்கு?"

"என்னப்பா சொல்றீங்க?"

"ரோடு வெட்டுன காலத்துல மல சரிஞ்சு நாப்பது பேரு உள்ள போயிட்டாங்க. தொர தோண்டிப் பாக்கல. அவங்க மேலயே ரோட்டப் போட்டுட்டான். அன்னிக்குப் பெரட்டுக்கு வராத ஒரே ஆளு காத்தாயி. வயித்துப் புள்ளக்காரி, எந்திரிக்க முடியல. அவ வம்சம்தான் நாம."

அப்பா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம குடும்பத்துல அந்தப் பேர ரெண்டு புள்ளைங்களுக்கு வச்சாங்க. ரெண்டு பேரையும் விடியக்காலையில அந்த மேடைக்கிட்டதான் பொணமா எடுத்தோம். வாய் நெறைய மண்ணு."

"சரிப்பா... இப்ப யாருக்கும் அந்தப் பேரு இல்லையே."

அப்பா என்னைப் பார்த்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஒன் ஆத்தா ஒனக்கு மொதல்ல வச்ச பேரு அதுதாம்மா. ரெண்டு வயசுல நான்தான் மாத்தினேன்."

இன்றைக்கும் நான் வேலைக்கு அந்த ரோட்டால்தான் போகிறேன். மேடை வரும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் எட்டி நடப்பேன். அதற்காக ஐந்து மைல் சுற்றமாட்டேன். வரமாட்டேன் என்று என் வாயாலேயே அவர்களிடம் சொல்லியாகிவிட்டது.