செக்கர் விழித்திருந்த ஆபரேஷன்

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிப்பவரை வீட்டிலும் செக்கர் என்றே கூப்பிட்டார்கள். பால் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் காபிகூடக் குடிக்கமாட்டார்.

அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். காலையில் செய்து சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். அதற்காக வந்திருந்த மகளுக்கு அன்றிரவே ரயில். மறுநாள் புது வேலையில் சேர வேண்டும்.

மயக்க மருந்து டாக்டரம்மா விளக்கினார். "முழு மயக்கம்னா தூங்கி எழுந்திருப்பீங்க. குமட்டும், ஆனா சீக்கிரம் கிளம்பிடலாம். முதுகுல ஊசின்னா முழிச்சிருக்கலாம், வலியும் கம்மி. கால் மரப்பு விடணும், யூரின் போகணும், அப்புறம்தான் வீடு."

"தூங்கிட்டா நீங்க என்ன பண்றீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எங்களுக்குத் தெரியும்ங்க."

"அதான் பயமே." முதுகைக் காட்டினார் செக்கர்.

ஆபரேஷன் மேசையில் நெஞ்சுக்குக் குறுக்கே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டிவிட்டார்கள். அவர் கண்கொத்திப் பாம்பாய்க் காவல் காத்ததெல்லாம் கூரை விளக்கைத்தான்.

மத்தியானம் பக்கத்துக் கட்டில்காரர் கிளம்பினார். அதே ஆபரேஷன், முழு மயக்கம். வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தாலும் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டார். செக்கருக்கு வயிறெரிந்தது. இவருக்குக் கால் மரப்பு விட்டது. சிறுநீர் மட்டும் முட்டிக்கொண்டு நின்றதே தவிர வரவில்லை. வெயில் சாய்ந்தது. மகள் கைபேசியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ரயில் கூவுவதுபோலிருந்தது.

மகள் வெளியே போன நேரம் பார்த்து, குடிதண்ணீரைச் சிறுநீர்ப் பாத்திரத்தில் ஊற்றி, "சிஸ்டர், போயிடுச்சு" என்றார்.

நர்ஸ் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஜில்லுனு இருக்கே. உங்க வண்டியில இப்படி எத்தனை பேரைப் பிடிச்சிருப்பீங்க?"

செக்கர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த நேரம் உள்ளே வந்த மகளுக்கு விஷயம் புரிந்து சிரிப்பு வந்தது.

"டாக்டரம்மா கேட்டப்பவே நீங்க எதைச் சொல்வீங்கன்னு தெரியும்ப்பா. அப்பவே டிக்கெட்டை நாளைக்கு மாத்திட்டேன். ஒரு நாள் தள்ளிச் சேர்றேன்னு ஆபீஸ்லயும் சொல்லியாச்சு."

"சும்மா சொல்ற."

"சத்தியமா."

"காட்டு."

மூக்குக் கண்ணாடியை மாட்டி, தேதி, பெட்டி, இருக்கை என்று விரல் வைத்துப் படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். கைபேசியைக் கொடுத்துவிட்டுத் தலையணையில் சாய்ந்தவர், சற்று நேரத்தில் குரல் கொடுத்தார்.

"சிஸ்டர், அந்தப் பாத்திரம். இந்தத் தடவை நிஜமாத்தான்."