தறிக்குடோனை ஒட்டிய பலகைச் சுவர்

உங்கள் வீட்டுச் சுவர் நடுங்குமா? சும்மாதான் கேட்கிறேன். எங்கள் வீட்டில் நடுங்கும். உள்ளங்கையை வைத்தால் கிச்சுகிச்சு மூட்டுகிற மாதிரி இருக்கும். தண்ணீர்ச் சொம்பை ஓரமாக வைத்தால் அதற்குள் வட்டம் வட்டமாக அலை ஓடும். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிற யாருக்கும் இது பெரிய அதிசயம் இல்லை. தறிச் சத்தத்தில் தூங்கி, தறிச் சத்தத்தில் எழுந்து, அது நின்றால் மட்டும் "என்ன ஆச்சு?" என்று பதறுகிற ஜனம் நாங்கள்.

எங்கள் வீட்டில் நடுங்கியது பலகைச் சுவர். அதுதான் வினை.

தறிகள் ஓடுகிற நீளமான ஷெட்டை நாங்கள் குடோன் என்போம். வீடு அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு முன்னறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான் வீடு. முன்னறையில் நெய்து மடித்த காடாத் துணியை அடுக்கியது போக மிச்சம் இருக்கிற இடத்தில் நாங்கள் படுப்போம். அக்காவைத் தலைப்பிரசவத்துக்குச் சத்தியமங்கலத்திலிருந்து கூட்டி வந்தபோது, பிள்ளை பெற்றவள் படுக்க ஓர் அறை வேண்டும் என்று குடோனின் ஒரு கோடியை அப்பா தடுத்தார். ரீப்பர் கட்டையில் சட்டம், அதன் மேல் பிளைவுட் பலகைகள், கூரை வரைக்கும். நான் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தேன். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தால் அறை தயார், பச்சைப் பெயிண்ட் வாசனையோடு.

ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ஒரு சந்து. மெல்லியதுதான், தீக்குச்சி நுழையும். அந்தப் பக்கம் தறி ஓடும்போது பஞ்சு பறக்குமே, அது அந்தச் சந்து வழியாக வந்து அக்காவின் போர்வை மேல், தொட்டில் கயிற்றின் மேல், குழந்தையின் புருவத்தின் மேல் வெள்ளையாக உட்கார்ந்தது.

பிறந்த சில நாளிலேயே குழந்தைக்கு இளைப்பு வந்தது. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ளே போகும். டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, பஞ்சுத் தூசி படாத இடத்தில் பிள்ளையை வையுங்கள் என்றார். சோமனூரில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

"சந்தை அடைச்சுப்போட்டாச் செரியாப் போயிரும்" என்றார் அப்பா.

"மூணு மாசம் முடியறதுக்குள்ள அவளப் புருசன் ஊட்டுக்கு அனுப்புனா ஊரு என்ன பேசும்?" என்றாள் அம்மா. டாக்டரை விட ஊர் அவளுக்குப் பெரிய டாக்டர்.

ஆக, குழந்தை எங்கள் வீட்டில் மூச்சு விட வேண்டுமென்றால் அந்தச் சந்துகள் அடைபட வேண்டும். வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

முதலில் பட்டி வைத்தோம். சாக் பவுடரில் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து, தகட்டால் அழுத்தி அழுத்தித் திணிக்க வேண்டும். அண்ணாந்து பார்த்தே கழுத்து போச்சு. பட்டி கண்ணில் விழுந்தது, வாயில் விழுந்தது. அப்பா ஏணியில், நான் ஸ்டூலில். அக்கா முன்னறையில் துணி அடுக்குக்கு நடுவே குழந்தையோடு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"ஏனுங் இஞ்சினீரு, அங்க ஒரு எடம் உட்டுப்போச்சு பாருங்."

"வாய மூடிட்டு உக்காருக்கா."

"மேல பாருங் சாமி. மூக்குல பட்டி ஒட்டியிருக்குது, அதையும் சந்துன்னு நெனச்சு அடைச்சுக்கிட்டீங்ளா?"

அப்பா ஏணியிலிருந்து சிரித்தார். அந்த வேலையில் யாராவது சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

அடுத்த வாரம் பஸ் பிடித்து வந்து பார்க்கிறேன், மேலிருந்து கீழ் வரை எல்லாச் சந்திலும் மயிரிழை விரிசல். இரண்டு தறிகள் பலகைக்கு ஒரு முழம் தள்ளி ஓடிக்கொண்டிருந்தன. ஊடுநூலைச் சுமந்த நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கிற ஒவ்வோர் அடிக்கும் சுவர் ஆடியது. காய்ந்த பட்டி பொடியாக உதிர்ந்தது. கீழே கோலம் போட்ட மாதிரி வெள்ளைக் கோடு. அம்மா அதைக் கூட்டிப் பெருக்கினாள்.

மறுபடி வைத்தோம். மறுபடி விட்டது. வாரா வாரம் இதே பிழைப்பு. நண்பர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை கேபிள் டிவியில் கிரிக்கெட் பார்க்க, நான் சுவரோடு மல்லுக்கட்டினேன். திங்கட்கிழமை வகுப்பில் பேனா பிடிக்கத் தோள் வராது.

பிறகு அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. நெசவுக்காரனுக்கு மட்டும்தான் வரும் அப்படி ஒரு யோசனை. வீடு நிறையத் துணி. நூலுக்குக் கஞ்சி போட்டே வளர்ந்த கை. காடாத் துணியை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்தார். மரவள்ளிக் கிழங்கு மாவைப் பெரிய சட்டியில் காய்ச்சினார். துணியைக் கஞ்சியில் முக்கி, சந்தின் மேல் ஒட்டி, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாகத் தடவிவிட்டார். காய்ந்ததும் தட்டிப் பார்த்தேன், டம் டம் என்று மேளம் மாதிரி கேட்டது. நடுங்கினாலும் துணி கிழியவில்லை. பஞ்சு வரவில்லை. குழந்தை வாயைத் திறந்து போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் தூங்கியது.

"இது யோசனைங்ப்பா" என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

"நூலுக்கு நிக்கறது பலகைக்கு நிக்காதா?" என்றார். அன்றைக்கு இரண்டு டம்ளர் டீ குடித்தார்.

இதில் ஒன்று இருக்கிறது. கஞ்சியில் மயில்துத்தம் சேர்த்தால்தான் பூச்சி வராது, பூஞ்சை பிடிக்காது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனால் மயில்துத்தம் விஷம். பச்சைக் குழந்தை படுக்கிற அறை. சட்டியில் போடக் கையில் எடுத்தவர், தொட்டிலைப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை மறுபடி மடித்து வைத்துவிட்டார்.

பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து சாரல் காற்று தொடங்கியது. துணிப் பட்டைகள் ஈரம் குடித்தன. முதலில் புளித்த வாடை, பழைய சோற்றுப் பானையைத் திறந்த மாதிரி. அப்புறம் கரும்புள்ளி. அப்புறம் பச்சை. கரப்பான்கள் கூட்டமாக வந்து கஞ்சியைச் சுரண்டித் தின்றன. பஞ்சு வந்தபோது இளைத்ததை விட இப்போது குழந்தை அதிகமாக இளைத்தது. அக்கா அதைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. கேலி பேசுவதை எப்போது நிறுத்தினாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

கரண்ட் போனால் மட்டும் நிம்மதி. தறி எல்லாம் ஒரே மூச்சில் நிற்கும். பஞ்சு அடங்கும், வாசல் கதவைத் திறந்து வைத்தால் காற்று வரும், குழந்தை தூங்கும். ஒருநாள் கரண்ட் போனதும் அப்பா தறியிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அப்பாடா" என்றார். தறிக்காரர் கரண்ட் போனதற்கு அப்பாடா சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும், என்னைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

அந்த வாரமே அக்கா சொல்லிவிட்டாள்.

"நான் சத்திக்குப் போறேனுங்ப்பா. வண்டி எடுத்துட்டு வரச் சொல்லிப்போட்டேன்."

"இன்னும் மூணு மாசம் ஆகுலயே அம்மணி."

"மூணு மாசம் இருக்கறது புள்ளைக்காகத்தானுங். புள்ளையே மூச்சு உட மாட்டீங்குது."

"அந்த ரெண்டு தறியக் கழட்டி அக்கட்டால போட்டுர்றேன் கண்ணு. சொவுரு ஆடாது. பட்டி நிக்கும்."

"பாவு ஏறியிருக்குதுங்களே?"

தறியில் ஏறின பாவு நூலை நெய்து முடிக்காமல் தறியை நகர்த்துவது எங்கள் ஊரில் யாரும் செய்கிற காரியம் இல்லை. அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்த் தரையோடு பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். அக்கா வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"வேண்டாங்ப்பா. உடுங்."

"நீ போ, புள்ளையப் பாரு."

அக்கா வீட்டுக்காரர் கார் வைத்துக்கொண்டு வந்தபோது ஒரு தறி நகர்ந்திருந்தது, மற்றது பாதியில் நின்றது. "என்னுங் மாமா, தறியவே பேத்துப் போட்டீங்ளா?" என்று அவர் கேட்டார். அப்பா எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "வாங் மாப்ளே, காப்பி சாப்புடுங்" என்றார். அவ்வளவுதான். அம்மா குழந்தைக்கு நெற்றியில் பொட்டு வைத்தாள், ஊர் என்ன பேசும் என்று அன்றைக்குக் கேட்கவில்லை. கார் போன பிறகு அப்பா மிச்சத் தறியையும் நகர்த்தினார். நான்தான் கூடப் பிடித்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு துணிப் பட்டைகளை எல்லாம் கிழித்தெறிந்தோம், பலகையைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தோம், சந்துக்கு மறுபடி பட்டி வைத்தோம். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அண்ணாந்து, தகட்டால் அழுத்தி, அழுத்தி. இந்த முறை பட்டி நின்றது. ஒரு விரிசல் கூட இல்லை.

அக்கா சத்தியிலிருந்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் போன் பண்ணுவாள். குழந்தைக்கு இளைப்பு இல்லையாம். தவழ்கிறதாம். "ஒருக்கா கூட்டீட்டு வா அம்மணி, இப்பச் சந்தே இல்ல" என்று அப்பா ஒவ்வொரு முறையும் கத்துவார், தறிச் சத்தத்துக்கு மேலே. "வாரேனுங்ப்பா, வாரேன்" என்பாள் அவள்.

அந்த அறையில் இப்போது நூல் மூட்டைகள்தான் இருக்கின்றன.