மாவு அறையில் பொங்கிய பீர்

பீர் எப்படி மணக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பத்தெட்டு வயதில் ஆசை வந்தது. குடிக்கிற ஆசை இல்லை. எங்கள் வீட்டில் யாரும் குடித்ததில்லை, அதைப் பெரிய பெருமையாகவும் நாங்கள் சொல்லிக்கொண்டதில்லை. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் என் மூக்கு அதுவரை அறியாத ஒரு வாசனை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு சந்தில் நானும் என் வீட்டுக்காரரும் இட்லி மாவு அரைத்து விற்கிறோம். முன்னால் கடை, நடுவில் மாவு அறை, பின்னால் வீடு. மாவு பொங்கிவிட்டதா என்று பார்க்க எனக்குக் கடிகாரம் வேண்டாம். மூடியைத் திறந்தால் மூக்கு சொல்லிவிடும். கொரோனா வந்து போனபோது அந்த மூக்கைக் கொண்டு போய்விட்டது. காய்ச்சல் முதலில் அவருக்கு, நாலு நாள் கழித்து எனக்கு. அவருக்கு வாசனை திரும்பிவிட்டது என்றார். எனக்குத் திரும்பவில்லை.

அதிலிருந்து தினமும் காலையில் அவர்தான் ஒவ்வொரு பாத்திரமாகக் குனிந்து மோந்து பார்ப்பார். நான் பக்கத்தில் நின்று "ஆச்சா?" என்பேன். மூச்சை நீளமாக இழுத்து, "இன்னும் அரை மணி நேரம்" என்பார். இல்லாவிட்டால், "ஆச்சு, பாக்கெட் போடலாம்" என்பார். ஒருநாள்கூடத் தப்பியதில்லை. வாங்குகிறவர்கள் யாருக்கும் விஷயம் தெரியாது. "எல்லாம் உங்க கை ராசி" என்று சொல்கிறவர்களிடம் சிரித்து வைப்பேன், உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். என் வேலையை இன்னொருவர் மூக்கை நம்பிச் செய்வது எனக்குப் பிடிக்கவே இல்லை, அது கட்டின புருஷனின் மூக்காக இருந்தாலும்.

இரண்டு குளிர்காலம் இப்படிப் போயிற்று. பிறகு அவ்வப்போது வாசனை வருவது போல இருந்தது. காபி டம்ளரை மூக்கருகே கொண்டுபோனால் காபி மணந்தது. சந்தோஷப்பட்டேன். ஒருநாள் சந்தேகம் வந்து, டம்ளரை நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெறும் வெந்நீரை ஊற்றி மோந்து பார்த்தேன். அப்போதும் காபி மணந்தது! மணப்பது காபியா, முப்பது வருஷ ஞாபகமா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஞாபகமே இல்லாத ஒரு வாசனை கிடைத்தால்தான் உண்மை தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மாடியில் குடியிருக்கும் தாதா ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து நின்றார். வங்காளி, தனி ஆள், பாங்க் வேலை; அண்ணன் என்கிற பொருளில் தாதா என்போம். மாதத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும் அவருக்கு. போன மாதம் மீன் தொட்டி, இந்த மாதம் பீர். மேலே அவர் அடுப்பில் காய்ச்சிக்கொள்வாராம். ஆறவைக்க ஒரு பெரிய தொட்டியும், பிறகு புளிக்கவைக்க வெயில் படாத ஒரு மூலையும் வேண்டுமாம். "பௌதி, பொங்க வைக்கிறதுல இந்தப் பாடாவிலேயே உங்களை மிஞ்ச ஆள் உண்டா?" என்று வங்காளியில் ஐஸ் வைத்தார். பௌதி என்றால் அண்ணி, பாடா என்றால் பேட்டை. ஐஸ் வைக்காமலே நான் சரி என்றிருப்பேன். என் வீட்டுக்காரர்தான் முகத்தைச் சுளித்தார்.

அன்றே ஒரு முடிவு எடுத்துக்கொண்டேன். பீர் தயாராகும்வரை அதை மோந்து பார்க்கக் கூடாது. முன்னாலேயே மோந்து வைத்தால் அதுவும் ஞாபகமாகிப் பரீட்சை கெட்டுவிடும். அந்த மூலைக்குப் போகும்போதெல்லாம் மூக்கை மறைத்துத் துணி கட்டிக்கொண்டேன். தாதா அதைச் சுத்தம் என்று நினைத்து மெச்சிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கீழே இறக்கியது ஒரு அண்டா நிறையப் பழுப்புத் தண்ணீர். தேன் மாதிரிக் கெட்டியான மால்ட் பாகும், கசப்புக்காக ஹாப்ஸ் என்ற காய்ந்த பூவும் போட்டுக் கொதிக்க வைத்தது. என் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் அண்டாவை உட்கார வைத்தோம். வெதுவெதுப்பானதும் அவர் ஈஸ்ட் பாக்கெட்டைத் தூவினார். தூவிவிட்டுச் சும்மா நின்றார். அது மேலாக மிதந்துகொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. இருபது வருஷமாக உளுந்தையும் அரிசியையும் உப்புப் போட்டுக் கையால் கலக்குகிறவள் நான். கரண்டியால் கலக்கின மாவு எங்கேயாவது உருப்படியாகப் பொங்குமா? முழங்கைவரை கையை விட்டு அடியிலிருந்து நன்றாக நாலு சுற்று சுற்றினேன்.

"கீ கொர்ச்சேன் பௌதி!" என்று தாதா அலறினார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறாராம். பாத்திரம், கரண்டி, குழாய் எல்லாவற்றையும் மருந்து போட்டுக் கழுவி வைத்திருந்தாராம் மனுஷன். வெளிக் கிருமி ஒன்றுகூட உள்ளே போகக் கூடாதாம். மூக்குக்குத் துணி கட்டினவள் கையை விட்டுவிட்டேன். கையை வெளியே எடுத்து, சொட்டுகிற பீரோடு நின்றேன். என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பை இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

கொட்டிவிடலாமா என்று தாதா யோசித்தார். இருக்கட்டும், என்னதான் ஆகிறது என்று பார்ப்போமே என்றேன். அண்டாவிலிருந்து மூடி போட்ட வாளிக்கு மாற்றி வைத்தார். இரண்டு நாளில் வாளி களக் களக் என்று பேச ஆரம்பித்தது. குளிருக்குப் போர்வை போர்த்தி வைத்திருந்த என் மாவுப் பாத்திரங்கள் ஒரு பக்கம், அந்த வாளி ஒரு பக்கம். இரண்டு வாரம் கழித்துப் பாட்டில்களில் நிரப்பினோம். இன்னும் இரண்டு வாரம் காத்திருந்தோம். அந்த ஒரு மாதமும் துணி கட்டாமல் நான் அந்த மூலைப் பக்கம் போகவில்லை.

தை, மாசியில் வரும் இந்த ஊர் சரஸ்வதி பூஜை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மூவரும் உட்கார்ந்தோம். கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த பொரி ஒரு தட்டில். தாதா பாட்டிலைத் திறந்தார். புஸ்ஸென்று பொங்கி மேஜையெல்லாம் நுரை. எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றினார். முதலில் அவர் ஒரு வாய் குடித்து முகத்தை அஷ்டகோணலாக்கினார்.

"டோக்! ஒரே புளிப்பு. பௌதி, இது உங்க மாவு வாசனையேதான்."

என் வீட்டுக்காரரும் மூக்கருகே பிடித்து மோந்து, ஒரு வாய் குடித்து, "வாசனை நல்லாத்தானே இருக்கு" என்றார்.

என் முறை. துணியை அவிழ்த்தேன். மோந்தேன். புளித்த மாவு வாசனை வந்தது! அடுத்த நொடியே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தாதா 'மாவு' என்று சொன்னதும் என் ஞாபகம் மாவை எடுத்துக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதானே? தெரியாத வாசனை வேண்டும் என்று ஒரு மாதம் காத்திருந்து, என் கையாலேயே அதைத் தெரிந்த வாசனையாக்கிக்கொண்டேன். என்மேல் எனக்கு வந்த கோபத்தில் ஒரு பெரிய வாய் குடித்தேன். புளித்தது, கசந்தது. நாக்குக்கு எப்போதும் புளிப்பும் கசப்பும் தெரியும், அதில் அதிசயம் இல்லை.

விழுங்கியபோது மூக்கின் பின்பக்கத்திலிருந்து வேறு ஏதோ ஒன்று எழுந்தது. மாவு இல்லை. பச்சையாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக, வெட்டின செடி போலவும் எலுமிச்சைத் தோல் போலவும், இரண்டும் இல்லாமலும். எதோடு சேர்த்து வைப்பது என்று தெரியவில்லை. தலைக்குள் தேடினேன், அதற்குப் பெயரே இல்லை.

"இன்னொரு வாசனை இருக்கு" என்றேன். "பச்சையா."

தாதாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அதுதான் ஹாப்ஸ்! இந்தப் புளிப்பிலயும் கண்டுபிடிச்சீங்களா? இருங்க" என்று மாடிக்கு ஓடி மீதி ஹாப்ஸைக் கொண்டு வந்தார். மூன்று கிண்ணம் எடுத்தார். ஒன்றில் ஹாப்ஸ், ஒன்றில் தேயிலை, ஒன்றில் எங்கள் வீட்டுக் காபிப் பொடி. என் கண்ணைத் துண்டால் கட்டி, மாற்றி மாற்றி நீட்டினார். இரண்டாவது கிண்ணத்தில் அந்தப் பெயரில்லாத பச்சை மறுபடி வந்தது. "இது" என்றேன். மூன்று தடவை மாற்றி வைத்தார், மூன்று தடவையும் சரியாகச் சொன்னேன். துண்டை அவிழ்த்தபோது அது ஈரமாக இருந்தது.

"இப்ப நீங்க" என்று தாதா என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். இவரோ, கடையில் வேலை இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன வேலை! நானே துண்டைக் கட்டிவிட்டேன். முதல் கிண்ணத்தை நீட்டினார் தாதா. இவர் நீளமாக, தினமும் காலையில் இழுப்பது போலவே மூச்சை இழுத்தார்.

"இதுதான் ஹாப்ஸ்" என்றார் உறுதியாக.

அது காபிப் பொடி.

தாதா விழுந்து விழுந்து சிரித்தார். அரை டம்ளரிலேயே ஏறிவிட்டது என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் துண்டை அவிழ்த்து என்னைப் பார்த்தார், திருடன் அகப்பட்ட முழி. நல்லவேளை, தாதாவுக்குத் தமிழ் தெரியாது.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"காய்ச்சல்லேர்ந்தே. வரவே இல்லை."

"வந்துருச்சுன்னு சொன்னீங்களே?"

"உனக்கும் போயிருச்சுன்னு அழுதே. ரெண்டு பேருக்குமே இல்லேன்னா நீ கடையைச் சாத்திருவேன்னு பயந்தேன்."

"அப்ப தினம் காலைல மோந்து பாத்ததெல்லாம்?"

"குமிழியப் பாப்பேன். அப்புறம் உன் மூஞ்சியப் பாப்பேன். ஆச்சுன்னு உனக்கே தோணிருச்சுன்னா உன் கை பாக்கெட் பக்கம் போகும். அதப் பாத்துத்தான் ஆச்சும்பேன்."

இரண்டு வருஷம் நான் இவர் மூக்கை நம்பி நின்றேன், இவர் என் மூஞ்சியை நம்பி நின்றிருக்கிறார். நாலு வார்த்தை நன்றாகத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். திட்டுக்குப் பதிலாக, அவர் டம்ளரில் மிச்சமிருந்த பீரையும் எடுத்துக் குடித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மாவு அறையில் இவர் வழக்கம்போல முன்னால் போகாமல் கதவோரம் தயங்கி நின்றார். நான் போர்வையை விலக்கி, முதல் பாத்திரத்தின் மூடியைத் திறந்து குனிந்தேன். மெலிதாகத்தான் வந்தது, ஆனால் வந்தது.

"ஆச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் அரை மணி நேரம்."

அவர் பக்கத்தில் வந்து, பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "எப்படி இருக்கு வாசனை?" என்றார் மெதுவாக. இரண்டு வருஷத்தில் நான் அவரிடம் ஒருநாளும் கேட்டிராத கேள்வி.

"நேத்து குடிச்ச பீர் மாதிரி" என்றேன்.