மைதானத்தில் போட்ட கோலம்

பிள்ளைகளே, நீங்கள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறீர்கள். நானும் எட்டாம் வகுப்புக்கு மேல் போனவன் இல்லை. அதனால் பெரிய வார்த்தை எதுவும் போடாமல், சாப்பிட்டு முடித்து உட்கார்ந்து பேசுவது போலவே இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், எனக்கு இன்னும் கல்யாணம் ஆகாத காலம். பம்பாய் தாராவியில் எங்கள் சந்துக்குப் பின்னால் ஒரு காலி நிலம் கிடந்தது. முனிசிபாலிட்டிக்குச் சொந்தமான இடம். மழைக்காலத்தில் அதில் தண்ணீர் நிற்கும், தவளை கத்தும். மற்ற மாதங்களில் பகலில் பெண்கள் வடகமும் மிளகாயும் காயப்போடுவார்கள். சாயங்காலம் வேலை விட்டு நாங்கள் வந்துவிட்டால் அது எங்களுடையது. சடுகுடு ஆடுவோம்.

நான் அப்போது தோல் கிடங்கில் இருந்தேன். பச்சைத் தோலில் உப்பைத் தேய்த்து அடுக்குகிற வேலை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த வாடை கையை விட்டுப் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மெதுவாக எழுந்து வேறு இடம் பார்ப்பார். மைதானத்தில் மட்டும் யாரும் என்னைப் பார்த்து மூக்கைப் பொத்தியதில்லை. என் காலைப் பிடித்து இழுக்கிறவன் கையிலும் அதே வாடைதானே. பகல் முழுக்கக் குனிந்தே இருந்த முதுகு, நடுக்கோட்டைத் தாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும்போதுதான் நிமிரும். அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. அது மதுவிலக்கு இருந்த காலம். கழிமுகத்துப் புதருக்குள் சாராயம் காய்ச்சுகிறவர்கள் சைக்கிள் டியூபில் அதை நிரப்பி, உடம்பில் சுற்றி, மேலே சட்டையைப் போட்டு மாஹிம் வரைக்கும் அனுப்புவார்கள். சுமந்து போகிறவனுக்கு நல்ல காசு. அதற்கு எங்கள் வயதுப் பையன்களைத்தான் தேடுவார்கள், அதுவும் சாயங்காலத்தில்தான். மைதானத்தில் ஆடிக்கொண்டிருப்பவனை அவர்களால் கூப்பிட முடியாது. எங்கள் அம்மாமார் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் கிழிந்த பனியனோடு வீட்டுக்குப் போனால் திட்டாமல் தைத்துக் கொடுத்தார்கள்.

அந்த நிலத்துக்கு ஒரு நாள் ஆபத்து வந்தது.

செய்தியைக் கொண்டுவந்தவர் எங்கள் மேஸ்திரி மாமா. என் அம்மாவுக்குத் தம்பி முறை. தோல் கிடங்கில் எங்களுக்கெல்லாம் மேஸ்திரி, சந்துக்குள் எல்லாச் சண்டைக்கும் நீதிபதி. முனிசிபாலிட்டியில் ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள் என்றார். எந்தப் பேட்டைக்கு என்ன வசதி வேண்டும், வாலிபப் பையன்களுக்கு விளையாட என்ன செய்யலாம் என்று பார்க்கிற கமிட்டி. எங்கள் நிலத்தைப் பற்றி அவர்களுக்கு இரண்டு யோசனை. ஒன்று, குப்பை லாரிகளை நிறுத்த அங்கே ஷெட் கட்டுவது. மற்றொன்று, சுவர் எழுப்பிப் பையன்களுக்கு மைதானமாகவே விட்டுவிடுவது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள்.

எங்கள் சடுகுடுக் கோஷ்டியின் கேப்டன் மில்லில் வேலை செய்கிறவன், தோள் இரண்டும் கதவு மாதிரி இருக்கும். அவன் சந்தோஷமாகச் சொன்னான்:

"அப்பம் நாங்க ஆடிக் காட்டுதோம் மாமா. பாத்துட்டுப் போகட்டும்."

"என்னத்தல ஆடுவ? அரைக்கால் டவுசரும் புழுதியுமா? பெரிய மனுசங்க வருதாவ. அவிய வேட்டியில மண்ண அள்ளிப் போடப் போறியா? ஞாயித்துக்கெழம எவனாவது அங்க கால வச்சான்னா கால முறிச்சுப் போடுவேன், ஆமா!"

மாமா நல்ல மனிதர். வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் வாசலைத் தெளித்துக் கோலம் போட்டு, பிள்ளைகளைக் குளிப்பாட்டி ஓரமாக உட்கார வைப்பதுதானே நம் வழக்கம். தாராவி என்றால் அழுக்கு, அடிதடி என்று வெளியே பேசுகிறார்கள். அந்தப் பேச்சை ஒரே காலையில் துடைத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. எங்களுக்கும் ஆசைதான்.

சனிக்கிழமை வேலை நடந்தது பாருங்கள், ஒரு கல்யாண வீடு தோற்றுப்போகும். தபேலா என்கிற எருமைத் தொழுவத்தில் சாணி வாங்கி நானும் கேப்டனும் வாளி வாளியாகச் சுமந்தோம். பெண்கள் வரிசையாக நின்று நிலம் முழுக்க மெழுகினார்கள். எங்கள் குதிகால் பட்டுப் பட்டுப் பள்ளமாகிப்போன நடுக்கோடு மண் போட்டு நிரவப்பட்டது. அதன் மேல் என் அக்கா, அதாவது உங்கள் அத்தை, பெரிய தாமரைக் கோலம் ஒன்று போட்டாள். எங்கள் சபைக் கோயிலிலிருந்து பெஞ்சுகள் வந்தன. மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து வாழை மரம் வாங்கி இரண்டு பக்கமும் கட்டினோம். எங்கள் கோஷ்டியில் கிறிஸ்தவர்களும் உண்டு, இந்துக்களும் உண்டு. கோலத்துக்கு யார் வீட்டு மாவு, பெஞ்சு எந்தக் கோயில் பெஞ்சு என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி வந்தது. சேர்மன் வயதான மராட்டிக்காரர், வேட்டி, கறுப்புக் குல்லாய். நிலத்தை அளக்க ஓர் இன்ஜினியர், கூட இரண்டு மெம்பர்கள், சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு கிளார்க். அந்தக் கிளார்க் மாட்டுங்காவில் குடியிருக்கிற பாலக்காட்டுத் தமிழர் என்பது பிறகுதான் தெரிந்தது. மாலை போட்டோம். லெமன் சோடா கொடுத்தோம். அத்தை இட்லியும் சட்னியும் வைத்தாள். நாங்கள் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, துவைத்த சட்டையோடு, பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருவன் இருமக்கூட இல்லை.

சேர்மன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மாமாவிடம் இந்தியில் கேட்டார். இங்கே பையன்கள் விளையாடுவார்களா, என்ன விளையாடுவார்கள் என்று.

மாமா நிமிர்ந்து நின்று, தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்:

"நஹி சாப்! சப் அச்சா லடுக்கா ஹை. கோயி நஹி கேல்தா. சப் காம் கர்தா!"

எல்லாரும் நல்ல பையன்கள், ஒருவனும் விளையாடுகிறவன் இல்லை, எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள் என்று அர்த்தம். கேப்டனின் முழங்கை என் விலாவில் இறங்கியது. ஆனால் பெரியவர்கள் பேசும்போது நாங்கள் எப்படி வாயைத் திறப்பது? சேர்மன் தலையை ஆட்டினார். இன்ஜினியர் டேப்பைப் பிடித்து அளந்தார். லாரி திரும்புவதற்கு இடம் தாராளம் என்று அவர் ஒரு மெம்பரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

எல்லாரும் ஜீப்பை நோக்கி நடந்தபோது கிளார்க் மட்டும் கை கழுவப் பின்தங்கினார். செம்பில் தண்ணீர் ஊற்றியவன் நான். கேப்டன் பக்கத்தில் வந்து நின்றான். அவர் எங்களைப் பார்த்துத் தமிழில் கேட்டார்:

"ஏண்டாப்பா, நிஜமாவே நீங்க யாரும் விளையாடறதில்லையா?"

"தினமும் ஆடுதோம் சார். சடுகுடு" என்றான் கேப்டன்.

"எங்கே ஆடறேள்?"

"நீங்க நிக்கியள்லா சார், அதுதான் நடுக்கோடு."

அவர் குனிந்து பார்த்து, கோலத்தில் இருந்து காலை எடுத்துக்கொண்டார். "ராமா! உங்க பெரியவரே விளையாடறவா இல்லேன்னு சொல்லிட்டாரே. நான் அதைத்தானே எழுதணும்? மைதானம் பாக்க வந்த எடத்துல மைதானத்தையே மெழுகி மறைச்சுட்டேளே!"

"சார், அத எழுதாதீங்க சார்" என்றான் கேப்டன். அவன் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"எழுதாம இருக்க முடியாது. ஆனா மீட்டிங்குக்கு இன்னும் நாள் இருக்கு. நம்ம சேர்மன் சின்ன வயசுல ஹூதூதூ பைத்தியமா இருந்தவர்னு ஆபீஸ்ல பேசிப்பா. மராட்டில உங்க சடுகுடுவைத்தான் அப்படிச் சொல்றது. ஒருநாள் சாயங்காலம் இந்த வழியாப் போங்கோன்னு சொல்லிப் பாக்கறேன். வருவாரோ மாட்டாரோ, தெரியாது. வந்தா, நீங்க அவரைக் கவனிக்கவே படாது. மாலை வேண்டாம், சோடா வேண்டாம். நீங்க பாட்டுக்கு ஆடிண்டிருங்கோ."

ஜீப்பில் ஹாரன் அடித்தார்கள். அவர் ஓடிப்போனார்.

இதை மாமாவிடம் யார் சொல்வது? எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் நானும் கேப்டனும்தான் போனோம். கேட்டதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நான் உங்களத் தாழ்த்தியால சொன்னேன்? உசத்தியாத்தானல சொன்னேன்!"

உள்ளே மாவு ஆட்டிக்கொண்டிருந்த உங்கள் அத்தை கையை நிறுத்தாமலே சொன்னாள்: "ஆமா மாமா, உசத்தி உசத்தி நெலத்தத் தூக்கி லாரிக்காரன்கிட்ட குடுத்துட்டீய."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக நிலத்துக்கு நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். அவர் வாழை மரத்தைப் பிடுங்கி ஓரத்தில் எறிந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் தாமரைக் கோலத்தின் நடுவே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கோடு கிழித்தார். "நிக்கியளே, ஆடுங்கல!" என்றார். துவைத்த சட்டைகளைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு அப்போதே ஆடினோம்.

அதற்கப்புறம் தினமும் சேர்மனுக்காகக் காத்திருந்தோம். ஆட்டம் மோசமாகிவிட்டது. 'சடுகுடு சடுகுடு' என்று பாடிப் போகிறவன் எதிராளியைப் பார்க்காமல் ரோட்டைப் பார்ப்பான், காலை வாரிவிடுவார்கள். டாக்ஸி ஒன்று வந்து நின்றால் இரண்டு பக்கமும் சிலையாக நிற்போம். அதிலிருந்து யாராவது கோழிக் கூடையோடு இறங்குவார்கள். கொஞ்ச நாளில் நம்பிக்கை போயிற்று. எதிர்பார்ப்பு போனதும் ஆட்டம் திரும்பி வந்தது.

பிறகு சயான் பக்கத்து மராட்டிப் பையன்களோடு ஒரு மேட்ச். சுற்றிலும் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பக்கமும் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒரு கிழவர் கூட்டத்திலிருந்து தள்ளப்பட்டுக் கோட்டுக்கு உள்ளேயே வந்து நின்றார். கேப்டன் திரும்பிப் பார்க்காமலே, ஒதுங்கச் சொல்லிக் கத்தினான்:

"பாஜூ ஹட்டோ, பாபா! ஆடுததா வேண்டாமா?"

அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். எங்கள் பக்கம் பாடிப்போனவன் நான். இருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது என் மூச்சு ஒரு நொடி அறுந்தது. எனக்கே சந்தேகம்தான். அதற்குள் அந்தக் கிழவர் கையை உயர்த்தி, "தம் துட்லா! தம் துட்லா!" என்று கத்தினார். மூச்சு விட்டுவிட்டான், அவுட் என்கிறார்.

"எவன்யா அது?" என்று சண்டைக்குத் திரும்பினேன். கறுப்புக் குல்லாய் சரிந்து, வேட்டி முழுக்கப் புழுதியோடு நின்றவர் சேர்மன்.

எனக்குக் கை தானாகவே கும்பிடப் போயிற்று. அவர் அதைப் பார்க்கவே இல்லை. நடுவரிடம் விரலை நீட்டி வாதாடிக்கொண்டிருந்தார். எதிரணிப் பையன்களுக்கு ஒரே குஷி, ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இதற்குள் யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, மேஸ்திரி மாமா வீட்டிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் அதைப் போட இடம் எங்கே? கூட்டம் அசையவில்லை. "ஏல, வழி விடுங்கல" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு கிளார்க் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். மேட்ச் முடிகிற வரைக்கும் நாற்காலியைத் தலைக்குமேல் பிடித்தபடி அப்படியே நின்றார்.

நான் அவுட் என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். மேட்சிலும் தோற்றோம். சேர்மன் சோடா குடிக்காமல் போய்விட்டார்.

மீட்டிங்கில் நடந்ததைக் கிளார்க் பிற்பாடு எங்களிடம் சொன்னார். நாங்கள் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஹோட்டலில் அவரைப் பிடித்து, காபி வாங்கிக் கொடுத்துக் கேட்டோம்.

"அங்கே விளையாடற வாலிபாளே கெடையாதுன்னு ரிப்போர்ட்ல இருக்கேன்னு ஒரு மெம்பர் எழுந்தார். நம்ம சேர்மன் என்ன சொன்னார் தெரியுமோ? 'நான் போனேன், நின்னு பாக்கறதுக்கே எடம் கெடைக்கலை'ன்னார். லாரிக்கு வேற எடம் பாக்கச் சொல்லியாச்சு. உங்களுக்குச் சுத்துச்சுவர், ஒரு குழாய், கேரம் ஆட ஒரு ஷெட். போறுமா?"

கேப்டன் அவருக்கு இன்னொரு காபி சொன்னான். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே குடித்தார்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மழைக்காலம் கழிந்தது, தவளை கத்தி ஓய்ந்தது, அப்புறம்தான் கல் வந்து இறங்கியது. குழாயில் முதல் நாள் தண்ணீர் வந்தபோது ஆட்டம் முடிந்த புழுதியோடு நாங்கள் அத்தனை பேரும் தலையை நீட்டினோம். குடமும் கையுமாக உங்கள் அத்தை முன்னால் நிற்க, சந்துப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

"குடிக்க வந்த தண்ணில எருமையா குளிக்குதிய? தள்ளுங்கல!"

"இது வாலிபப் பிள்ளைகளுக்குன்னு குடுத்த குழாயாக்கும்" என்றான் கேப்டன்.

"அப்பம் வாலிபப் பிள்ளைய வாலிபத்தையே தின்னட்டும். ராத்திரிச் சோறு கெடையாது."

வழக்கு மாமாவிடம் போயிற்று. காலையில் குழாய் பெண்களுக்கு, சாயங்காலம் பையன்களுக்கு, ஆனால் குடத்தோடு யார் வந்தாலும் பையன்கள் ஒதுங்க வேண்டும் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அத்தை குடத்தை வைத்தாள். நாங்கள் ஈரத் தலையோடு சுவர்மேல் ஏறி வரிசையாக உட்கார்ந்து, அது நிரம்புகிற வரைக்கும் காத்திருந்தோம்.