முப்பதாம் நாளும் கல்லறைச் சாவியும்

என் வீட்டுக்காரர் இறந்த முப்பதாம் நாளுக்காகப் போன வெள்ளிக்கிழமை காஞ்சிபுரம் போனேன். அவர் அங்கேதான் வேலை பார்த்தார், அங்கேதான் அடக்கம். கல்யாணமான பிறகு அவர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டார். நான் மாதா கோயிலிலேயே இருந்துவிட்டேன். அவர் சபையில் கல்லறைக்கு மெழுகுவர்த்தி கிடையாது. எனக்கோ ஏற்றாமல் மனசு ஆறாது. தடுத்துவிடுவார்களோ என்று மூன்று நாளாகத் தூக்கமில்லை.

எங்கள் ஊர் அரக்கோணத்தில் காலை ஏழு பத்துக்குப் பேருந்து. முப்பது கிலோமீட்டர் இருக்கும், ஒரு மணி நேரம் ஆனது. அங்கிருந்து செவிலிமேடு பக்கம் கல்லறைத் தோட்டத்துக்கு ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

"சாவி வாங்கிட்டியாமா?" என்றார் ஆட்டோக்காரர்.

"மாதா கோயில்ல தானே இருக்கும்?"

"அது போன மாசம். இந்தப் பக்கம் இருக்கிற மூணு சபைக்கும் ஒரே கல்லறைத் தோட்டம், மாசத்துக்கு ஒருத்தர் சாவி வச்சிக்கினு இருக்காங்க. இந்த மாசம் பெந்தெகொஸ்தே பாஸ்டர். ஞாயித்துக்கிழமைல சேரமாட்டாங்க, சாவுல சேந்துக்குவாங்க!"

கொண்டுவந்த மெழுகுவர்த்தியை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

பாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன், அவர் தானே கூட வந்து பூட்டைத் திறந்தார். வீட்டுக்காரர் கல்லறை முன் நான் குனிந்தபோது மெழுகுவர்த்தி பாஸ்டர் காலடியில் விழுந்தது. அவர் போனை எடுத்தார். வெளியே அனுப்பத்தான் ஆள் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"உபதேசியாரே, உங்க சபை அம்மா ஒருத்தங்க வந்திருக்காங்க. ஜெபப் புஸ்தகத்தோட வாங்க." பிறகு என்னிடம், "செத்தவங்களுக்கு ஜெபம் பண்றது எங்க வழக்கம் இல்லமா. உனக்குப் பண்றேன்" என்றார்.

மாதா கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் பத்து நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்தார். நான் மெழுகுவர்த்தியை ஏற்றாமல் பாஸ்டர் பக்கம் திரும்பினேன்.

"ஐயா, அவரு விட்டத அவரு தலைமாட்டுலயே ஏத்துறேனே, கோவிச்சுக்குவாரா?"

"வீட்டுல என்னைக்காவது உன் மெழுகுவர்த்திய அணைச்சிருக்காரா?" என்றார் பாஸ்டர்.

"இல்லீங்க. கரண்ட் போனா அதத்தான் தேடுவாரு."

உபதேசியார் சிரித்துவிட்டார். பாஸ்டரும்தான். முப்பது நாளில் முதல்முறையாக நானும் சிரித்தேன், உடனே அழுகை வந்துவிட்டது. ஏற்றினேன். உபதேசியார் என் வீட்டுக்காரருக்காக ஜெபித்தார், பாஸ்டர் எனக்காக ஜெபித்தார்.

நான் ஏற்றியது என் வீட்டுக்காரருக்குச் சம்மதம்தானா என்று இன்னும் எனக்குத் தெரியாது. அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள், இந்த மாதம் சாவி யாரிடம் என்று முதலில் விசாரியுங்கள். வேறு சபை என்றால் பயந்து திரும்பிவிடாதீர்கள். கொண்டுபோவதை மறைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே கதவைத் தட்டுங்கள்.